விளக்கெண்ணெய் போட்ட ரீல்

எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமையில்லாதவன் லேத்தில் எப்படி வேலை பார்த்தாய் என்று கேட்பவர்கள் லேத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே சுற்றுவது இரும்பு, அறுப்பது உளி. நாம் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் திருகினால் போதும். இலை போட்ட பிறகு சோறு வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதுதான் எனக்குக் கஷ்டம்.

நாகரசம்பட்டிப் பக்கம் பிறந்தவன் நான். எங்கள் குடும்பம் மாந்தோப்புக் கூலிக்குப் போன குடும்பம். பெங்களூருக்கு ஓடிப்போய் ஒரு சின்னப் பட்டறையில் லேத் கற்றுக்கொண்டேன். கிருஷ்ணகிரியில் அணை கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். அணைப் பட்டறையில் டர்னர் வேலை கிடைத்தது. தகரக் கொட்டகை, நாலு லேத், ஒரு ஆயில் என்ஜின். அந்த ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பட்டறை நான் பார்த்ததில்லை.

அணை என்றால் ஒருநாள் கட்டி முடியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மதகுகளுக்கு ஷட்டர் மாட்டி, தண்ணீர் தேங்க ஆரம்பித்தபோது, யாரோ என் சோற்றில் கை வைத்தது போலிருந்தது. பட்டறையைப் பிரித்துத் தெற்கே வேறு அணைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தற்காலிகக் கூலிகள் லேத்தோடு தெற்கே போகலாம், இல்லை வீட்டுக்குப் போகலாம். நிரந்தரமாக ஒரே ஒரு வேலைதான் இங்கே மிஞ்சியது: ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆள். அதற்கு நாங்கள் மூன்று பேர் காத்திருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஃபிட்டர், பம்பு ஓட்டும் ஒருவர், அப்புறம் நான்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சும்மா வேண்டும் என்றில்லை, மென்னியைப் பிடித்துக்கொண்டு வேண்டும். மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். முந்தி ஒன்று தங்காமல் போயிருந்தது. தெற்கே போனால் தகரக் கொட்டகை, முன்பின் தெரியாத ஊர். அவளைக் கூட்டிப்போக முடியாது. விட்டுவிட்டுப் போனால் பிள்ளை பிறந்து தவழ்ந்த பிறகுதான் முகம் பார்ப்பேன். போகாமல் இருந்தால் மாமனார் வீட்டில் உட்கார்ந்து களி தின்ன வேண்டும். அந்த மூன்றில் எது மோசம் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் எங்கள் எஞ்சினியர். காவிரிப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அதனால் என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டில் கழியோடு தண்ணீர் ஓரத்துக்குப் போய்விடுவார். எங்கள் ஆட்கள் மூங்கில் கழியில் நூல் கட்டி மண்புழு குத்திப் போட்டுவிட்டு பீடி பிடிப்பார்கள். இவருடையது வேறு. கழியில் ஒரு வட்டமான ரீல் இருக்கும். அதில் பின்னல் நூல் சுற்றியிருக்கும். கழியை வீசினால் நுனியில் இருக்கும் ஈயமும் இரையும் பறந்துபோக, ரீல் கிறுகிறுவென்று சுற்றி நூலை விடும். வெளிநாட்டில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் கொடுத்தது என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவர் வலது கை விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ரீலை என் மேஜையில் வைத்து, கைப்பிடி வளைந்துவிட்டது, நிமிர்த்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். விரலுக்கு என்ன என்று கேட்டேன். வீசும்போது கைப்பிடியும் கூடவே சுற்றி விரலைப் பதம் பார்த்துவிட்டது என்றார். கழற்றிப் பார்த்தேன். வேலைப்பாடு அழகுதான். ஆனால் மண்டைக்கனம் பிடித்த ஆசாமி செய்த ரீல் அது; மீன் பிடிக்கிறவன் கையை அவன் நினைத்தே பார்க்கவில்லை.

குறைகள் நாலு. முதலாவது, கைப்பிடியும் உருளையும் பல்சக்கரத்தில் எப்போதும் கோர்த்தே இருந்தன. உருளை சுற்றினால் கைப்பிடியும் சுற்றும், விரல் போகும். இரண்டாவது, நூலைத் திரும்பச் சுற்றும்போது அது ஒரே பக்கம் குவிந்தது. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பரப்ப வேண்டும். மூன்றாவது, உருளை கனம். நாலாவதுதான் பெரிய தலைவலி. ஈயம் போய்த் தண்ணீரில் விழுந்த பிறகும் உருளை நிற்காமல் சுற்றும். கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்ட பிறகும் ராட்டினம் சுற்றிக்கொண்டே இருந்தால் கயிறு என்ன ஆகும்? அதேதான். நூல் மேலே மேலே வந்து சிட்டுக்குருவிக் கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

கைப்பிடியை அரைமணியில் நிமிர்த்திக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. இதைவிட நல்லதாக நானே ஒன்று செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "செய்யுங்க பார்க்கலாம்" என்றார். ஷட்டர் வேலை எனக்குத்தான் என்று அந்த நிமிஷமே மனதில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இங்கே என் மாமனார் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

எங்கள் ஜனம் ஒரு காலத்தில் ஆடு மேய்த்துக் கம்பளி நெய்தவர்கள். எங்கள் பக்கம் தாத்தா காலத்திலேயே ஆடும் போச்சு, கன்னடமும் போச்சு. மனைவி வீட்டில் இரண்டும் இருந்தன. ஓசூருக்கு இந்தப் பக்கம், சானமாவுக் காட்டை ஒட்டிய கிராமம். வீட்டுக்குள் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். மாமனார் தறியில் உட்கார்ந்தால் கம்பளி இரும்புத் தகடு மாதிரி இறங்கும். முடிச்சுப் போட்ட நூலைத் தறியில் ஏற்றவே மாட்டார். முடிச்சு இருக்கும் இடத்தில் மழை உள்ளே இறங்கும் என்பார். அதனால் அந்த வீட்டில் சிக்கு விழுந்த நூலை யாரும் அறுக்கக் கூடாது. எத்தனை நாளானாலும் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

அவர்கள் நலங்கில் தேங்காய் உருட்டுவதெல்லாம் கிடையாது. மாப்பிள்ளை கையில் சிக்கு விழுந்த கறுப்புக் கம்பளி நூலை ஒரு பிடி வைப்பார்கள். அவன் பிரிக்க வேண்டும். பெண் வீட்டார் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேலி பேசுவார்கள். இரண்டு மணி நேரம் பிரித்த மாப்பிள்ளைகள் உண்டு, அழுத மாப்பிள்ளையும் ஒருவர் உண்டாம். நான் ஒரு நிமிஷம் பார்த்தேன். மடியில் பேனாக்கத்தி இருந்தது. மூன்று இடத்தில் வெட்டி, நாலு துண்டுகளைத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, சிக்கு தீர்ந்தது என்றேன்.

வீடே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, தறிக்கொட்டகை முளையில் மாட்டினார். அவர்கள் பேச்சில் மருமகனை அளியா என்பார்கள், மரியாதையாகச் சொன்னால் அளியந்திரே. எனக்கு விழுந்த பெயர் கத்தி அளியா. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் முளையைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மோர் கொடுப்பார்கள். மூன்று வருஷமாக நான் அந்தக் கொட்டகைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. மனைவி மட்டும் பிறகு ஒருநாள், சிரிக்காமல், சிக்கை எப்படிப் பிரிப்பது என்று காட்டிக் கொடுத்தாள். முனையைத் தேடக் கூடாது, இழுக்கக் கூடாது, எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கே விரலை விட்டு இன்னும் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான். கேட்டுக்கொண்டேன், செய்து பார்த்ததில்லை.

ரீலுக்கு வருகிறேன். பழைய பம்பிலிருந்து கழற்றிப் போட்ட பித்தளையை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினேன். மத்தியான இடைவேளையிலும் வேலை முடிந்த பிறகும் செய்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தேன். அதை அமுக்கினால் சின்னப் பல்சக்கரம் விலகிவிடும். உருளை தனியே சுற்றும், கைப்பிடி அசையாது. வீசிய பிறகு கைப்பிடியை அரைச் சுற்றுத் திருப்பினால் தானாகக் கோர்த்துக்கொள்ளும். உருளையின் பக்கங்களில் வட்டமாக ஓட்டை போட்டுக் கனத்தைக் குறைத்தேன். நூல் ஒரே பக்கம் குவியாமல் இருக்க, முன்னால் ஒரு மரைத்தண்டு, திருகாணி மாதிரி வரி வெட்டிய தண்டு. அதில் மரை இடமும் வலமும் குறுக்காக ஓடும். நூலைப் பிடித்திருக்கும் வளையம் அதில் ஏறிப் போய், முனையில் திரும்பி, வந்துகொண்டே இருக்கும். அந்த மரைத்தண்டு ஒன்றுக்காக நான் பாழாக்கிய பித்தளையில் ஒரு குடம் வார்த்திருக்கலாம். பக்கமூடியை ஓரணாக் காசை வைத்துத் திருகினால் கழற்றிவிடலாம். ஸ்பேனர் தேடி ஓட வேண்டாம். இது யாரும் கேட்காத சௌகரியம், எனக்கு இதில்தான் ரொம்பப் பெருமை.

நாலாவது குறைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. கனத்தைக் குறைத்தால் சுற்றும் வேகமும் அடங்கும், இழைப்பு சுத்தமாக இருந்தால் சிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் எண்ணெய் போட வேண்டும். எங்கள் ஊரில் வண்டி அச்சுக்கு என்ன போடுவார்கள்? விளக்கெண்ணெய். ஆமணக்கு விளைகிற ஊரில் வேறென்ன போடுவது. வீட்டுப் புட்டியிலிருந்து எடுத்து நாலு சொட்டு விட்டேன்.

மார்கழியில் ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்து மாமனார் ஊருக்குப் போனோம். ஊர் ஏரியில் விடிந்ததும் ரீலைச் சோதித்தேன். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த ஏரிக்கரையில் என் பல் தந்தியடித்தது. ரீல் தங்கமாக வேலை செய்தது. வீசினேன், நூல் போனது, ஈயம் விழுந்தது, உருளை மெதுவாக அடங்கி நின்றது. இருபது தடவை வீசினேன், ஒரு தடவை கூடச் சிக்கவில்லை. என் இழைப்பை நானே மெச்சிக்கொண்டேன். வெயில் ஏறியதும், யானை இறங்குகிற தடம் அது, நடமாட்டம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, மூட்டை கட்டிவிட்டேன். சோதனை முடிந்தது என்றே நினைத்தேன். மாமனார் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நூல் சிக்குச்சுன்னா என்ன பண்ணுவே, கத்தி அளியா?" என்று கேட்டார். சிக்காது என்றேன். "சிக்காத நூலு எங்க இருக்குது?" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணையில் காட்சி. ஃபிட்டரும் வந்தார், பம்புக்காரரும் வந்தார். வேலை எனக்குப் போகிறதா என்று பார்க்கத்தான் வந்தார்கள், வேறெதற்கு. எஞ்சினியர் பெங்களூரிலிருந்து தருவித்த புது பின்னல் நூலை ஒரு அங்குலம் மிச்சமில்லாமல் ரீலில் சுற்றியிருந்தார். அவருக்கு ஏதோ வேலை வந்து, நாங்கள் வெயிலில் காத்திருந்தோம். ரீல் ஒரு கரும்பாறை மேல் இருந்தது. மத்தியானம் அவர் வந்து ரீலைத் தொட்டு, சுடுகிறதே என்று கையை உதறிக்கொண்டார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பொத்தானை அமுக்கிக் காட்டினேன். கைப்பிடி அசையவில்லை என்றதும் அவருக்குச் சந்தோஷம். கழியைத் தோளுக்கு மேல் கொண்டுபோய் வீசினார்.

உருளை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏரிக்கரையில் அது அப்படிக் கத்தவில்லை. ஈயம் பாதி தூரம்கூடப் போகவில்லை, ரீலுக்கு மேல் நூல் பொங்கி வழிந்தது. அவர் விரலை வைத்து நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கை நிறைய ஒரு கூடு. குருவி இல்லை, பருந்தே குடித்தனம் நடத்தலாம்.

அவமானத்தில் என் காது சுட்டது. ஷட்டர் வேலை அந்தத் தண்ணீரில் மூழ்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். பம்புக்காரர் பெருந்தன்மையாக, வெட்டி எடுத்துவிட்டு மிச்ச நூலைச் சுற்றிக்கொள்ளலாம் என்றார். ஃபிட்டர் தன் கத்தியை விரித்து என்னிடம் நீட்டினார். எஞ்சினியரும் தலையாட்டினார். "வெட்டிடுங்க, பரவாயில்ல" என்றார்.

கத்தியை வாங்கினேன். வாங்கிய கையோடு, முளையில் தொங்கும் நாலு துண்டுக் கம்பளி நூல் என் முன்னால் வந்து நின்றது. கத்தி அளியா என்ற பட்டம் ஓசூர்ப் பக்கம் மட்டும் போதும், கிருஷ்ணகிரியிலும் வேண்டாம் என்று ஒரு வீம்பு வந்தது. கத்தியை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். பாறை நிழலைத் தேடி உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அந்தக் கூட்டை அதில் வைத்தேன்.

முனையைத் தேடவில்லை. இழுக்கவில்லை. தளர்ந்த இடத்தில் விரலை விட்டேன். முதல் அரைமணிக்கு வாய்க்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன்: நூல் செய்தவனை, அணை கட்டியவனை, நலங்கு கண்டுபிடித்தவனை. பிறகு திட்டவும் நேரமில்லை. ஃபிட்டரும் பம்புக்காரரும் சாப்பிடப் போனார்கள், திரும்பவில்லை. எஞ்சினியரும் போனார், ஆனால் திரும்பி வந்தார். கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை கொடுத்தார். நான் தொடவில்லை, தொட்டால் விரல் வழுக்கும். வெயில் சாய்ந்து பாறை நிழல் நீண்டபோது கடைசி வளையமும் விட்டது. நூல் முழுசாக, ஒரு முடிச்சில்லாமல், ரீலில் ஏறியது. அவர் வாங்கிப் பார்த்தார். "ஒரு இடத்துலயும் அறுக்கலையே" என்றார். இல்லை சார் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். ரீலை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனதுதான் எனக்கு வலித்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், தெற்கே போக வேண்டியதுதான் என்றேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன். சிக்கு எப்படி விழுந்தது என்று கேட்டாள். அங்கே சிக்காதது இங்கே எப்படிச் சிக்கியது என்று எனக்கே தெரியவில்லை, அதே ரீல், அதே எண்ணெய் என்றேன்.

"என்ன எண்ணெய்?"

"விளக்கெண்ணெய்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கூருல காத்தால கரண்டியில எடுத்தா அது வுழுறதுக்குள்ள உலை கொதிச்சிரும். இங்க மத்தியானத்துல தண்ணியாட்டம் ஓடுது. புட்டியைப் புடிச்சுப் பாத்ததே இல்லியா நீங்க?"

பார்த்ததே இல்லை. குளிரில் கெட்டியாக நின்று உருளையைப் பிடித்து அடக்கியது எண்ணெய்; அதை என் கைத்திறமை என்று நினைத்து மார்தட்டிக்கொண்டது நான். ஓசூர் மேட்டுக் குளிரில் செய்த சோதனை கீழே வெயிலில் செல்லுமா? நாலாவது குறை அப்படியே இருந்தது. அவள் ஒரு வாரம் என்னை விளக்கெண்ணெய் என்றே கூப்பிட்டாள். கத்தி அளியாவுக்கு அது மேல் என்று விட்டுவிட்டேன்.

வேலை போனது போனதுதான், ஆனால் ரீலை அப்படியே விட என் மனம் கேட்கவில்லை. அந்த வாரம் பட்டறை ஆயில் என்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருஷக்கணக்காகப் பார்க்கிற என்ஜின்தான். அதில் கவர்னர் என்று ஒன்று உண்டு: வேகம் கூடினால் இரண்டு குண்டுகள் வெளியே விரியும், எண்ணெய் வரத்தைக் குறைக்கும், வேகம் குறைந்தால் குண்டுகள் உள்ளே வரும். ஓடுகிற ஓட்டமே தன்னைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

உருளையின் அச்சில் குறுக்காக இரண்டு ஊசிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கட்டை வழுக்கி ஓடும்படி கோர்த்தால் போதும். உருளை வேகமாகச் சுற்றினால் கட்டைகள் வெளியே தள்ளிப்போய்ச் சுற்றியிருக்கும் வளையத்தில் உரசும். வேகம் குறைந்தால் உரசல் விடும். கட்டை எதில் செய்வது? மரம் ஊறும், பித்தளை வளையத்தைத் தின்னும். பொங்கலுக்கு நாகரசம்பட்டி போனபோது அண்ணன் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தார். வர்ணம் அடிப்பதற்கு முன்னால் நுனியை நறுக்கிக் கீழே போட்டிருந்தார். அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அண்ணன் எதற்கு என்று கேட்டதற்கு, மீன் பிடிக்க என்றேன். பட்டணத்துப் பட்டறையில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று அண்ணிக்குச் செய்தி போனது. துவரம்பருப்பு அளவுக்கு இரண்டு கட்டைகள் இழைத்தேன். துளை போடும்போது மயிர் பொசுங்குகிற நாற்றம். விளக்கெண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். இந்தத் தடவை உச்சி வெயிலில், தண்ணீர் ஓரத்தில், யாருக்கும் சொல்லாமல் வீசிப் பார்த்தேன். உருளை கத்தியது, கத்தி, தானே அடங்கியது.

பொங்கல் கழிந்து எஞ்சினியர் ஆபீசுக்குப் போனேன். வேலை கேட்கப் போகவில்லை. தப்பைத் திருத்திவிட்டேன் என்று சொல்லி ரீலைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான். அவர் என்னைப் பார்த்ததும், ஆர்டர் கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். எந்த ஆர்டர் என்றேன். "ஷட்டர் வேலைக்கு உங்க பேரைத்தான் எழுதினேன். அன்னிக்கு மறுநாளே கையெழுத்துப் போட்டாச்சு. ஹெட் கிளார்க் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டார், அதான் தாமதம்."

என் கையில் ரீல். சிக்கு விழுந்த அன்றைக்கா என்று கேட்டேன்.

"வெட்டச் சொன்னவங்க மூணு பேர், நானும் சேர்த்து. உட்கார்ந்து பிரிச்சது நீங்க ஒருத்தர்தான். வெள்ளம் வர்றப்ப ஷட்டர் மாட்டிக்கிச்சுன்னா அங்க பதட்டப்படாத ஆள் நிக்கணும்."

நான் பொறுமைசாலி இல்லை, அது வெறும் வீம்பு, நலங்கில் வாங்கிய அடி என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் ஆறாகி, ஏழாவதை நெருங்கிக்கொண்டிருந்த நேரம், உண்மைக்கெல்லாம் இடமில்லை. ரீலை நீட்டினேன். அவர் அப்போதே கழியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். வீசினார். ஈயம் போன தூரத்தைப் பார்த்துவிட்டுச் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அன்றைக்கு ஒரு விரால் மீன் கூட அகப்பட்டது. ரீல் அவருக்குத்தான் என்றேன். பதிலுக்கு, விரலைப் பதம் பார்க்கிற அந்த வெளிநாட்டு ரீலை என் தலையில் கட்டினார். பல வருஷம் கழித்து ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் இதே மாதிரி உரசு கட்டைகள் வைத்த ரீலின் படத்தைப் பார்த்தேன். நான் என்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்ற காலத்திலேயே அங்கே எவனோ செய்து விற்றிருக்கிறான். ஒரு நாள் முழுக்க அவன் மேல் கோபமாக இருந்தேன். அவன் மாட்டுக் கொம்பில் செய்திருக்க மாட்டான் என்று பிறகு சமாதானமாகிவிட்டது.

மனைவியிடம் ஆர்டரைக் காட்டினேன். எதற்காகக் கொடுத்தார்களாம் என்று கேட்டாள். நூலை அறுக்காததற்கு என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள். அடுத்த மாதம் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போனபோது நடந்ததை முழுக்க அவள் அப்பாவிடம் அவளே சொன்னாள், கன்னடத்தில். எனக்குப் பாதிதான் புரிந்தது. மாமனார் கேட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. தறியை நிறுத்தவும் இல்லை.

பெண் பிள்ளை பிறந்தது. முறைப்படி எழுதிக் கொடுத்து, நிரந்தர வேலைக்காரனாக, மூன்று நாள் லீவில் போனேன். வாசலில் மாமனார் நின்றிருந்தார். "வாங்க, அளியந்திரே" என்றார். எனக்குப் பின்னால் வேறு மருமகன் யாராவது வருகிறானா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

உள்ளே போகிற வழியில் தறிக்கொட்டகை. கண் தானாக முளைக்குப் போனது. முளை காலியாக இருந்தது. விருந்தாளிகளுக்குக் காட்ட வைத்திருந்த என் நாலு துண்டு நூல் அங்கே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டார் போலிருக்கிறது, விட்டது பீடை என்று நினைத்தேன்.

குழந்தை ஒரு சின்னக் கம்பளிக்குள் சுருண்டு தூங்கியது. இவள் பிறந்ததும் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்தது என்றாள் மனைவி. வெள்ளைக் கம்பளி, கரையில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. நான் அந்தக் கோட்டை விரலால் தடவினேன். வழுவழுவென்று போன விரல் ஒரு இடத்தில் தட்டியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில். மூன்றாவது இடத்திலும். நாலு துண்டு நூலைச் சேர்க்க மூன்று முடிச்சு. முடிச்சு நூலைத் தறியில் ஏற்றாத மனிதர், என் நூலை முடிந்து என் மகளின் கம்பளியில் நெய்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. அதில் மழை இறங்காதா என்று மனைவியிடம் கேட்டேன். கரையில்தானே இருக்கிறது, பரவாயில்லை என்று அப்பா சொன்னதாகச் சொன்னாள்.